பார்க்காத ரீடிங்

எதையும் அளக்காமல், எதையும் குறித்துவைக்காமல் ஒரு மனிதன் குறைவின்றி வாழ்ந்துவிட முடியும் என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டவே நான் பிறந்தேன். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். பத்தொன்பது வயதுவரை கைக்கடிகாரம் கட்டியதில்லை. வகுப்பில் ஒரு வரி குறிப்பெடுத்ததில்லை. என் உயரம் என்னவென்று கேட்டவர்களுக்குக் கதவைக் காட்டியிருக்கிறேன். என்றாவது ஒருநாள் இந்தக் கொள்கைக்கு என் பெயரை வைப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

இந்தக் கொள்கைக்கு நேர் விரோதியான ஒரு மனிதரைத் தேடிப் பிடித்து என் அக்கா கல்யாணம் செய்துகொண்டாள். மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்கிற வேலை அவருக்கு. நேரில் மாமா என்றும், மற்ற இடங்களில் மீட்டர் என்றும் அவரை அழைத்து வந்தேன். கல்லூரிக்குப் பக்கம் என்பதால் அவர்கள் வீட்டில் தங்கிப் படித்தேன். தங்கினேன் என்பதோடு நிறுத்திக்கொள்வது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

மீட்டர் எந்த எண்ணையும் நின்றபடி பார்க்க மாட்டார். முழங்காலை மடக்கி, கண்ணை எண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து, வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, பிறகுதான் எழுதுவார். அரிசிக்குத் தண்ணீர் வைக்கும்போதும் இதே சடங்குதான். போன வீடு பூட்டியிருந்தால் அவருடைய ரீடிங் புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில் 'கதவு பூட்டு' என்று எழுதிவிட்டு வருவார். போன மாதக் கணக்கைப் பார்த்து உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டால் இன்னொரு நடை மிச்சமாகுமே என்று ஒருமுறை ஆலோசனை சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"பார்க்காத ரீடிங்கை எழுதினா, அப்புறம் பார்த்ததையும் யாரும் நம்ப மாட்டாங்க மச்சான்" என்றார்.

நான் இதை நண்பர்களிடம் அவர் குரலிலேயே நடித்துக் காட்டிப் பெரிய வரவேற்பைப் பெற்றேன்.

அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுப்பவள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டில், தன் காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கோடு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் ஒரு மாதம் படித்தவர்கள் தெருவில் நடக்கும்போதுகூட, திரும்புவதற்கு முன் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். நேராகப் பார்க்க மாடுகூடப் பார்க்கும், பக்கத்தில் பார்க்கிறவன்தான் டிரைவர் என்பாள். என்னை மூன்றாம் நாளே காரிலிருந்து இறக்கிவிட்டாள்.

முதலில் தாகம் வந்தது. இரண்டு லிட்டர் பாட்டிலோடு வேலைக்குப் போனவள் நான்கு பாட்டில்களோடு போக ஆரம்பித்தாள். குடிப்பதும் போவதும் குடிப்பதுமாக இருந்தாள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஓட்டுவதைவிட, கழிப்பறை இருக்கிற இடமாகப் பார்த்து ஓரங்கட்டுவதில் தேர்ச்சி பெற்றார்கள். கூடவே கண்ணுக்குப் பின்னால் ஒரு தலைவலி, சில சாயங்காலங்களில் லேசான காய்ச்சல். தெருமுனை டாக்டர் சர்க்கரை பார்த்தார், இல்லை என்றார். மாதவிலக்கு நின்றுபோனதைத் தொலைபேசியில் கேட்ட அம்மா, வேறு ஊரில் இருந்தபடியே பெயர் தேட ஆரம்பித்துவிட்டாள். அதுவும் இல்லை என்று தெரிந்ததும் அம்மா அந்த மாதம் முழுக்க மீட்டரிடம் மட்டும் பேசவில்லை. தெருமுனை டாக்டர் கடைசியில், மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மீட்டருக்கு லேசான மனசு என்பதை எதில் அளப்பது என்று தெரியவில்லை. எனவே அலுவலகத்தில் மிச்சமாகக் கிடந்த ஒரு ரீடிங் புத்தகத்தை எடுத்துவந்தார். முந்தைய அளவு, தற்போதைய அளவு, வித்தியாசம், குறிப்பு என்று கட்டம் கட்டமாக அச்சடித்த புத்தகம். அதில் அக்கா குடித்தது, கழித்தது, காலை மாலை காய்ச்சல், தலைவலி உண்டா இல்லையா என்று எழுத ஆரம்பித்தார். குளியலறையில் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று வந்து உட்கார்ந்தது. அக்கா சில நாள் பொறுத்துக்கொண்டாள், சில நாள் அவரை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். அந்த வேளைகளுக்கு எதிரே 'கதவு பூட்டு' என்று எழுதியிருக்கும்.

இதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எங்கள் கல்லூரியில் ஒரு சுவர்ப் பத்திரிகை உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் அட்டை, அட்டையில் நாங்கள் எழுதியது. அந்த மாதம் என் பகுதிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மீட்டர் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் புத்தகத்தைப் புரட்டி, 'கதவு பூட்டு' அதிகமாக வருகிற பக்கங்களாகப் பார்த்து மூன்று தாள்களைக் கிழித்தேன். மொத்தம் பதின்மூன்று நாள். அட்டையில் பசை தடவி ஒட்டி, மேலே 'கணவன்: ஒரு நவீன கவிதை' என்று தலைப்புப் போட்டேன். தமிழ்த் துறைப் பேராசிரியர் ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்று, எண்களுக்கு நடுவே தாம்பத்தியத்தின் தனிமை கேட்கிறது என்றார். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் கண்ணாடியை நகர்த்திவிட்டுத் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் பத்துக்குப் பத்து என்று மதிப்பெண் போட்டான். என் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றி அதுதான்.

தாள்கள் எங்கே என்று மீட்டர் கேட்டார். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றேன். நூலில் ஒட்டியிருந்த கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். எலி இவ்வளவு நேராகக் கிழிக்குமா என்று கேட்கவில்லை. அடுத்த பக்கத்தின் தலையில் 'பதின்மூன்று நாள், தாள் இல்லை' என்று எழுதிவிட்டு அன்றைய காய்ச்சலுக்குப் போய்விட்டார்.

இதற்கிடையில் அக்காவின் கார் அடி வாங்க ஆரம்பித்தது. ஒரு கேட் தூண், ஒரு குப்பைத்தொட்டி, நிறுத்திவைத்திருந்த ஒரு ஸ்கூட்டர். ஒவ்வொரு தடவையும் "இது எங்கிருந்துடா வந்துச்சு?" என்று கேட்பாள். தூணைப் பார்த்து இதைக் கேட்ட உலகின் முதல் பயிற்சியாளர் நீதான் என்று அவளைக் கௌரவித்தேன். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் காட்டினார்கள், கடைசி வரிவரை மளமளவென்று படித்தாள். பார்வையில் குறையே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று ஒருநாள் என்னிடம்தான் முதலில் கேட்டாள். நான் உடனே டாக்டராகவும் தூணாகவும் மாறி மாறி நடித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, பக்கவாட்டிலிருந்து வந்த ஒரு சைக்கிள்காரர் அவளுக்குத் தெரியவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த பையன் திகைத்துப்போய்விட்டான். அக்காவின் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. சைக்கிள்காரருக்கு முழங்கை உடைந்தது. அக்கா சாலையோரம் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பார்க்கலைங்க, நிஜமா பார்க்கலைங்க என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவள் தலையை ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நடுவில் வந்த புள்ளிகளுக்கெல்லாம் அழுத்தினாள். இரண்டு ஓரங்களிலும் புள்ளிகள் வந்தன, போயின, அவள் விரல் அசையவில்லை. காகிதத்தில் இரண்டு கண்ணுக்கும் வெளிப்பக்கம் கறுப்பாக வந்தது. வண்டிக் குதிரைக்கு மறைப்புக் கட்டினால் தெரிகிற அளவுதான் அவளுக்கு உலகம் தெரிந்துகொண்டிருந்தது. நான் அந்த மறைப்பைப் பார்த்து மூன்று மாதம் கைதட்டியிருக்கிறேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், எலும்புக் குழி ஒன்றில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. உடம்பின் மற்ற சுரப்பிகளுக்கெல்லாம் உத்தரவு போடுவது அதுதான். அதற்கு மேலேதான் இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கே போகின்றன. அக்காவின் பட்டாணி திராட்சை அளவுக்கு வீங்கி அந்த நரம்புகளை முட்டிக்கொண்டிருந்தது. கட்டி என்றார் அறுவை டாக்டர். உயரமான மனிதர். பேசும்போது அடுத்த அறையைப் பார்த்துப் பேசுவார். தினமும் பார்க்கிற சமாச்சாரம், மூக்கு வழியாகப் போய் எடுத்துவிடலாம், தையல்கூட வெளியே தெரியாது என்றார்.

அவரோடு ஒரு ஹார்மோன் டாக்டரும் இருந்தார். குள்ளமான அம்மா. தோளில் தொங்கிய பையின் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தார். மீட்டர் நீட்டிய புத்தகத்தை அறுவை டாக்டர் வாங்கவில்லை. இந்த அம்மா வாங்கினார், உட்கார்ந்தார், கடைசிப் பக்கங்களைப் படித்தார்.

"ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டரா? இதை யாரு அளந்தது?"

மீட்டர் குற்றம் செய்தவர் மாதிரி கையைத் தூக்கினார்.

இந்த இடத்தில் வருகிற சாதாரணக் கட்டி, தொடக்கத்திலேயே இப்படித் தாகத்தைக் கொண்டுவராது, வேறு ஏதாவது இருக்குமோ என்று யோசிக்க வேண்டும் என்றார் அந்த அம்மா. பார்வை போய்க்கொண்டிருப்பதால் எதுவானாலும் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்றார் மற்றவர். இரண்டுமே சரி. ஹார்மோன் டாக்டர் தன் சந்தேகத்தை ஃபைலில் எழுதிவைத்தார். யாரும் படிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அறுவை நடந்தது. உள்ளே கட்டியாக ஒன்றும் இல்லை. பற்பசை மாதிரி கெட்டியாக ஏதோ வந்ததாம். சிதைந்துபோன கட்டி என்று முடிவுசெய்து, எடுத்த எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போட்டார்கள். பாட்டிலில் ஃபார்மலின் இருந்தது. சதையைக் கெடாமல் வைக்கிற திரவம் அது. அதில் விழுந்தால் எந்தக் கிருமியும் செத்துவிடும், அப்புறம் அதை வளர்த்து இன்னதென்று கண்டுபிடிக்க முடியாது. வேறு பாட்டில் ஏன் வைக்கவில்லை என்றால், தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை. 'கட்டி' என்று லேபிள் முந்தின நாளே எழுதி ஒட்டியாகிவிட்டது. பார்க்காமலே எழுதுகிற என் கொள்கை அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு முன்பே வேரூன்றியிருந்ததில் நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும்.

பரிசோதனை அறிக்கை வந்தது: கட்டி இல்லை, அழற்சி, கிருமி எதுவும் காணவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்தாள். பார்வை கொஞ்சம் விரிந்திருந்தது. சன்னலோரம் உட்கார்ந்து, நேராகப் பார்த்தபடியே தெருவின் இரண்டு பக்கமும் போகிறவர்களை எனக்கு ஒப்பித்தாள். பத்து நாள். பதினோராம் நாள் மாலை மீட்டர் தெர்மாமீட்டரைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நூற்றொன்று. மறுநாள் காலை அவள் தேநீர்க் கோப்பையை மேசைக்கு வெளியே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி சேர்த்தோம். அப்போதுதான் இரண்டு டாக்டர்களுக்கும் கருத்து பிரிந்தது. கிருமி இல்லை என்று அறிக்கையே சொல்கிறது, சுரப்பியை உடம்பு தானே தாக்கிக்கொள்கிற நோய் இது, ஸ்டீராய்டு அதிக அளவில் கொடுத்தால் வீக்கம் வற்றும் என்றார் அறுவை டாக்டர். ஹார்மோன் டாக்டர் அது சீழ்க்கட்டி என்று நினைத்தார். சீழாக இருந்தால் அவ்வளவு ஸ்டீராய்டு என்பது கிருமிக்கு விருந்து வைப்பதாகும், பார்வை மொத்தமாகப் போய்விடலாம். ஆனால் சாட்சி பாட்டிலிலேயே செத்துவிட்டதே. வேறு ஏதாவது தடயம் வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இதெல்லாம் ஆரம்பிச்சப்ப எதுக்காவது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாங்களா? சாப்பிட்டப்ப காய்ச்சல், தாகம் ஏதாவது மாறுச்சா?"

அக்காவுக்கு அந்த மாதங்களே புகையாக இருந்தன. மீட்டருக்குச் சட்டென்று நினைவு வந்தது. தலைவலி பல்லால் வருகிறது என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போனார்கள், ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்.

"அந்த அஞ்சு நாள் காய்ச்சல் எவ்வளவு இருந்துச்சு?"

"எழுதிட்டேங்க, அதனால ஞாபகம் வச்சுக்கலை" என்றார் மீட்டர். புத்தகத்தைப் புரட்டினார். 'பதின்மூன்று நாள், தாள் இல்லை' என்ற இடத்தில் விரல் நின்றது.

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். பல் டாக்டர் மாத்திரை கொடுத்த தேதியைச் சொல்வார், காய்ச்சலைச் சொல்ல மாட்டார், அந்தத் தாள்கள் கிடைத்தால் நல்லது என்றார். மீட்டர் என்னைப் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறந்து, "வீட்ல தேடிப் பார்க்கிறேன்" என்றேன்.

தேடினேன். வெள்ளி மாலையும் சனிக்கிழமை பகல் முழுவதும் வீட்டில் இல்லாத தாள்களை வீட்டில் தேடினேன். பீரோவை நகர்த்தினேன். கட்டிலுக்கு அடியில் படுத்தேன். கல்லூரி பதினைந்து நிமிட நடை. அங்கே போய் எடுத்தால், எடுத்துக்கொண்டு வந்து மீட்டரின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். தவிர, பல் மாத்திரையைப் பற்றிய மூன்று தாள்கள் மருத்துவத்தின் போக்கை மாற்றிவிடும் என்று நம்புவது அளப்பவர்களின் மூடநம்பிக்கை என்று கட்டிலுக்கு அடியில் எனக்கு நானே வகுப்பெடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் தடயம் எதுவும் வராததால் சனிக்கிழமை காலை ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மாலையில் அக்கா எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். அறுவை டாக்டர் அடுத்த அறையைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. தாள்கள் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது அவள் கட்டிலின் இடது பக்கம் நின்றேன். அக்கா என்று கூப்பிட்டேன். நேரே சுவரைப் பார்த்தபடி, "எங்கடா இருக்க?" என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தேன். இன்னும் கொஞ்சம். கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நேருக்கு நேராக நின்ற பிறகுதான் அவள் முகம் என்மேல் நின்றது.

"இந்தப் பக்கம் மொத்தமா சாத்திட்டாங்கடா" என்றாள்.

நான் ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை. பேருந்துக்குக் காத்திருந்தேன், வரவில்லை, பிறகுதான் ஓடினேன்.

கண்ணாடிப் பெட்டியில் வேறு மாத இதழ் இருந்தது. பழைய அட்டைகளை விளையாட்டுச் சாமான் அறையில், வலைக்கும் கிழிந்த பந்துகளுக்கும் நடுவே போட்டு வைத்திருந்தார்கள். காவலாளி திறந்துவிட்டார். அட்டை கிடைத்தது. தாள்களில் எனக்குத் தெரிகிற மாதிரி இருந்த பக்கங்களில் பல் மாத்திரை இல்லை. மீட்டர் காகிதத்தை வீணாக்காதவர், தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தார். நமக்கு வேண்டிய நாட்கள் பின்பக்கம் இருந்தன. பின்பக்கத்தைத்தான் நான் வஞ்சனையில்லாமல் பசை தடவி ஒட்டியிருந்தேன்.

குழாயடியில் உட்கார்ந்து கைக்குட்டையை நனைத்து நனைத்து ஒற்றி, நகத்தால் நெம்பி எடுத்தேன். பேனா மை நீலமாகக் கசிந்தது. இரண்டாம் நாள் கரைந்தே போனது. மற்ற நாட்கள் அட்டைத் துகளோடு வந்தன.

ஹார்மோன் டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் வார்டுக்கு வருகிறவர். ஈரத் தாள்களை மருந்துத் தட்டு ஒன்றில் பரப்பினேன். மீட்டர் அருகில் வந்து குனிந்தார். தாளின் மறுபக்கத்திலிருந்து பத்துக்குப் பத்து என்ற சிவப்பு மை ஊறித் தெரிந்தது. அதையும் நேராகக் கண் வைத்துப் பார்த்தார். பிறகு தன் கையெழுத்தைத் தானே டாக்டருக்குப் படித்துக் காட்டினார்.

"மாத்திரைக்கு முந்தின நாள் சாயங்காலம் நூறு புள்ளி ஆறு. தண்ணி ஒன்பது லிட்டர். மாத்திரை முதல் நாள் நூறு. ரெண்டாம் நாள் அழிஞ்சிருக்கு, தெரியலை. மூணாம் நாள் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. தண்ணி ஆறு. தலைவலி இல்லை. நாலு, அஞ்சு அதே மாதிரி. நிறுத்தின மூணாம் நாள் மறுபடி நூறு. தண்ணி எட்டரை."

அறுவை டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தார் அந்த அம்மா. பல்லில் சீழ் இருந்திருந்தாலும் காய்ச்சல் வரும், மாத்திரையில் இறங்கும், இதில் என்ன அதிசயம் என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும்.

"பல்லு வலிக்குதுன்னு யாரும் ஒன்பது லிட்டர் தண்ணி குடிக்க மாட்டாங்க சார். அந்தத் தண்ணியும் சேர்ந்து இறங்கியிருக்கு. தன்னால வர்ற அழற்சி பல்லு மாத்திரைக்கெல்லாம் பயப்படாது."

திங்கட்கிழமை காலை மறுபடி மூக்கு வழியாகப் போனார்கள். இந்தத் தடவை ஹார்மோன் டாக்டரே ஃபார்மலின் இல்லாத சுத்தமான பாட்டிலோடு அறுவை அறை வாசலில் நின்று, வந்த சீழைத் தன் கையால் கிருமிக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். முதல் அறுவைக்குப் பிறகு சம்பிரதாயத்துக்குக் கொடுத்திருந்த ஆன்டிபயாட்டிக் ஊசிகளின் வேலையோ என்னவோ, அதில் எதுவும் வளரவில்லை. கிருமியின் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. பல் மாத்திரை எந்த வகை என்று பார்த்து அதே குடும்பத்து மருந்துகளை நரம்பு வழியாக ஆறு வாரம் ஏற்றினார்கள். ரீடிங் புத்தகத்தை நம்பித்தான் வைத்தியம். மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றது.

வலது கண்ணின் ஓரம் ஏறக்குறைய திரும்பி வந்தது. இடது கண்ணின் ஓரம் வரவில்லை. ஆறு வாரம் முடிந்து எடுத்த படத்திலும் அந்தப் பக்கம் மைக்கூடு கவிழ்ந்த மாதிரி இருந்தது. இனி வராது என்று ஹார்மோன் டாக்டர் அக்காவிடம் நேராகச் சொன்னார். பயிற்சிப் பள்ளி அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதியது. அவளுடைய பட்டாணி இனி எந்த உத்தரவும் போடாது. அதன் வேலையை மாத்திரைகளும் மூக்கில் அடிக்கிற ஒரு மருந்தும் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டும். காய்ச்சல் வந்தால் அதில் ஒரு மாத்திரையை இரண்டு மடங்காக்க வேண்டும், மறந்தால் உயிருக்கே ஆபத்து.

அக்காவை வீட்டுக்கு அனுப்புகிற நாளில் நான் டாக்டரின் அறைக்குத் தனியாகப் போனேன். வெள்ளிக்கிழமையே தாள்கள் கிடைத்திருந்தால் இடது கண் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். அவர் பையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி மறுபடி குத்தினார்.

"சொல்ல முடியாதுப்பா. நரம்பு அதுக்கு முன்னாடியே போயிருக்கலாம். அந்த ரெண்டு நாள்லயும் போயிருக்கலாம்."

வராந்தாவில் மீட்டர் மருந்துப் பைகளோடு நின்றார். அவரிடமும் கேட்டேன். எலி என்று சொன்னது பொய் என்பதில் ஆரம்பித்தேன், அது தெரியும் என்றார். என்னாலதான் போச்சா மாமா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவ்வளவு நல்ல மனிதர். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்திருக்கும்.

"அது பார்க்காத ரீடிங் மச்சான். அதை நான் எழுத மாட்டேன்" என்றார். ஒரு பையை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

மூக்கு மருந்தின் அளவு சரியாக அமையும்வரை குடிப்பதையும் கழிப்பதையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதிகமானால் உடம்பில் நீர் தங்கி நினைவு தப்பும், குறைந்தால் பழைய தாகம். மீட்டரின் விடுப்பு தீர்ந்தது. முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது ரீடிங் புத்தகத்தையும் பேனாவையும் மேசைமேல் வைத்தார். புதிய ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, முதல் வீட்டு வாசலில் முழங்காலை மடக்கினார்.

அக்கா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுடைய இடது பக்கத்தில் இருந்தேன். என்னைத் தெரிந்திருக்காது, நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டிருக்கும்.

"என்னடா, அடுத்த கவிதையா?" என்றாள், தெருவைப் பார்த்தபடி.

சுவர்ப் பத்திரிகைக் கதை அவளுக்கும் எட்டியிருந்தது. எனக்குப் பதில் இல்லாமல் போனது அதுவே முதல் தடவை, தேதி பதினாறு, காலை ஒன்பது இருபது.

ஒன்பதரைக்கு அவள் இடது பக்கச் சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். ஜாடியை எடுக்க மறந்தாளோ, வேண்டாமென்று விட்டாளோ, உள்ளே தண்ணீர் இழுத்துவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு இருந்திருக்கும் என்று எனக்கு உத்தேசமாகத் தெரியும். முந்தின நாள் அதே வேளைக்கு எதிரே மீட்டர் எழுதியிருந்தது கண் முன்னால் இருந்தது. பேனாவைத் திறந்து 'கதவு பூட்டு' என்று எழுதினேன்.

பதினொன்றரைக்கு ஜாடி வெளியே வந்தது. வாசற்படிக்கு வெளியே வைத்துவிட்டு, இடது கையால் நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தாள். நான் அதைச் சமமான தரையில் வைத்தேன். ததும்பல் அடங்கும்வரை பொறுத்தேன். முழங்காலை மடக்கி, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தேன். முந்நூற்று நாற்பது. வாய்க்குள் இன்னொரு தடவை சொன்னேன், முந்நூற்று நாற்பது. எழுதிவிட்டு ஜாடியைக் கழுவப் போனேன்.